யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே உயர்செயற்றிறன் கணிமை ஆய்வு: முழுமையான வழிகாட்டி

இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் காலம் வந்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "சேர், எங்களிட்ட சூப்பர் கம்பியூட்டர் இல்லையே, பிறகெப்பிடி எச்பிசியில ரிசேர்ச் செய்யிறது?" எச்பிசி என்பது உயர்செயற்றிறன் கணிமை: பல கோர்களையோ கணினிகளையோ ஒன்றாக வேலை வாங்கிப் பெரிய கணக்குகளை விரைவாக ஓட்டுவது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்திலும் கேட்பார்கள், கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் பொறியியல் பீடத்திலும் கேட்பார்கள். பெரிய யந்திரம் வந்த பிறகுதான் ஆய்வு தொடங்கும் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதை முதலில் கழற்றி வைப்போம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆய்வுகூடத்தில் கழித்து ஒதுக்கிவிடும் நிலையில் இருக்கும் நான்காம் தலைமுறை ஐ5 கணினி ஒன்றை எடுங்கள். 4 கோர் (செயலிக்குள் தனித்தனியே கணிக்கும் பகுதி), 3.2 ஜிகாஹேர்ட்ஸ், ஒரு கடிகாரச் சுற்றுக்கு ஒரு கோர் 16 இரட்டைத் துல்லிய (64 பிட் எண்) கணிப்புகள். பெருக்கினால் 204.8 ஜிகாஃப்ளொப்ஸ், அதாவது செக்கனுக்கு 20,480 கோடி கணிப்பு. 1993 ஜூனில் வெளியான, உலகின் மிக வேகமான கணினிகளின் முதலாவது டொப்500 பட்டியலில் முதலிடம் பிடித்த லொஸ் அலமோஸ் ஆய்வகத்தின் சிஎம்-5 யந்திரம் அளந்து காட்டிய வேகம் 59.7 ஜிகாஃப்ளொப்ஸ். அப்படியான எட்டு ஐ5 கணினிகளைச் சேர்த்தால் 1.64 டெராஃப்ளொப்ஸ், 1997 ஜூன் பட்டியலில் முதலாவதாக நின்ற ஆஸ்கி ரெட் 1.068.

உடனே நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். அவை ஓடவிட்டு அளந்த எண்கள், நம்முடையது காகிதத்தில் பெருக்கிய எண். காகித வேகத்துக்கும் கையில் கிடைக்கும் வேகத்துக்கும் இடையே உள்ள பள்ளம் எவ்வளவு, அது எங்கிருந்து வருகிறது, எவ்வளவை மூடலாம் என்பதுதான் இந்தத் துறையின் நடுக் கேள்வி. அந்தப் பள்ளம் உலகின் மிகப்பெரிய யந்திரத்திலும் இருக்கிறது, உங்கள் மேசைக்குக் கீழே உள்ள பெட்டியிலும் இருக்கிறது. மலிவான வலையமைப்பில் இன்னும் துலக்கமாகவே தெரியும்.

சாதாரணக் கணினிகளைக் கோர்ப்பது புதிய யோசனையும் அல்ல. 1994இல் நாசாவின் கொடார்ட் மையத்தில் தோமஸ் ஸ்டேர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 சாதாரண 486 கணினிகளை 10 மெகாபிட் ஈதர்நெற்றால் இணைத்தார்கள். அதற்கு வைத்த பேயோவுல்ஃப் என்ற பெயர் பின்னர் அந்த வகைக் கிளஸ்டர்களுக்கெல்லாம் (ஒன்றாக வேலை செய்யும்படி கோர்த்த கணினிக் கூட்டங்களுக்கெல்லாம்) பெயரானது. உங்களிடம் இருக்கும் ஜிகாபிட் சுவிட்ச் அதைவிட நூறு மடங்கு வேகமானது.

படி 1: கேள்வியைத் தெரிவு செய்யுங்கள், யந்திரத்தை அல்ல

இத்துறையில் ஆய்வு என்று இரண்டு வேறு விடயங்களைச் சொல்கிறோம். பெரிய கணக்கை ஓட்டி வேறொரு துறைக்கு விடை தேடுவது ஒன்று: மழை, நிலத்தடி நீர், மரபணு, மருந்து மூலக்கூறு. அந்தக் கணக்கு ஏன் மெதுவாக ஓடுகிறது, எப்படி விரைவாக்கலாம் என்று ஆராய்வது மற்றது. எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை முதல் கிழமையிலேயே முடிவெடுங்கள். முதல் வகை என்றால் துறை தெரிந்த இரண்டாவது மேற்பார்வையாளர் ஒருவர் கட்டாயம் வேண்டும். புவியியல் துறையிலோ விவசாய பீடத்திலோ போய்க் கதையுங்கள். அவர்களிடம் தரவு இருக்கும், ஓட்ட ஆள் இருக்காது.

"கிளஸ்டர் ஒன்றைக் கட்டுதல்" என்பதை மட்டும் ஆய்வுத் தலைப்பாக வைக்காதீர்கள். 1994இல் அது ஆய்வு. இன்று அது தச்சு வேலை, மேசை வேண்டும் என்றால் செய்யத்தான் வேண்டும், ஆனால் பரீட்சகர் "இதில் புதிது என்ன?" என்று கேட்டால் பதில் இருக்காது.

உள்ளூர்க் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர். அந்த நன்னீர் உவர்நீருக்கு மேலே வில்லை வடிவில் மிதக்கிறது. இறைப்பு மிஞ்சினால் உவர் மேலேறும். தோட்டங்களில் போடும் உரத்தின் நைத்திரேற்று கிணற்றுக்கு வந்து சேரும். இவற்றைக் கணிக்க அமெரிக்கப் புவியியல் அளவைத் திணைக்களம் 1984இல் வெளியிட்ட மொட்ஃப்ளோ மென்பொருளும் அதன் வழித்தோன்றல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. சிக்கல் என்னவென்றால், கரைந்து துளைவிட்ட சுண்ணாம்புக்கல்லில் நீர் சீராகக் கசிவதில்லை. குகைவழிகளாலும் பாய்கிறது. எந்த இடத்தில் ஊடுபுகவிடும் திறன் எவ்வளவு என்பது எவருக்கும் சரியாகத் தெரியாது. ஆகவே ஒரு மாதிரியை ஒருதரம் ஓட்டி ஒரு விடை சொல்வதில் அர்த்தம் குறைவு. வெவ்வேறு ஊடுபுகவிடும் திறன்களை வைத்து ஆயிரக்கணக்கான தடவை ஓட்டி, விடை எவ்வளவு பரவுகிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த "ஆயிரம் தனித்தனி ஓட்டம்" வகைக் கணக்குக்கு மெதுவான வலையமைப்பு ஒரு குறையே அல்ல. ஓட்டங்கள் ஒன்றோடொன்று கதைக்கத் தேவையில்லை. முதற் கிளஸ்டருக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

வானிலை இன்னொரு பக்கம். ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் ஈஆர்ஏ5 மீள்பகுப்பாய்வுத் தரவு (கடந்த கால வானிலையை அவதானங்களையும் மாதிரியையும் இணைத்து மீளக் கட்டியது) ஏறத்தாழ 31 கிலோமீற்றர்க் கட்டங்களில் உருவாக்கப்படுகிறது. ஒரு கட்டத்தின் பரப்பு 960 சதுர கிலோமீற்றர் அளவில் வரும். தீவுகளும் சேர்த்து யாழ்ப்பாண மாவட்டம் முழுவதும் 1,025 சதுர கிலோமீற்றர். அதாவது மாவட்டமே ஏறக்குறைய ஒரு கட்டம்! பருத்தித்துறையில் கொட்டிய மழைக்கும் ஊர்காவற்றுறையில் தூறிய மழைக்கும் வித்தியாசம் தெரியாது. டபிள்யூஆர்எஃப் வானிலை மாதிரியால் 3 கிலோமீற்றர் வரை இறங்கலாம். ஆனால் கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் புள்ளிகள் 4 மடங்கு, நேரப்படியும் பாதியாவதால் வேலை 8 மடங்கு. 9 கிலோமீற்றரில் இருந்து 3க்கு வந்தால் அதே பரப்புக்கு 27 மடங்கு. 2008இன் நிஷா, 2020இன் புரெவி போன்ற புயல் மழைகளை மீண்டும் ஓட்டிப் பார்ப்பது நல்ல தலைப்பு. ஆனால் எட்டுக் கணினியோடு அதைத் தொடங்குவதென்றால் சிறிய பரப்பு, இரண்டு மூன்று நாள் நிகழ்வு என்று கட்டுப்படுத்துங்கள்.

படி 2: ஒரே ஒரு கணினியில் அளவெடுங்கள்

பெரும்பாலானோர் பாய்ந்து கடக்கும் படி இதுதான். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது. இரண்டாவது கணினியைத் தொடுவதற்கு முன் முதலாவது கணினி எங்கே மூச்சு வாங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நிலத்தடி நீர்க் கணக்கின் எளிய வடிவத்தை எடுப்போம். 8192 × 8192 கட்டம். ஒவ்வொரு புள்ளியின் புதிய நீர்மட்டம் நான்கு அயற்புள்ளிகளின் சராசரி. ஓர் அணி (array) 6 கோடியே 71 இலட்சம் இரட்டைத் துல்லிய எண்கள், 512 மெபிபைட். பழையதும் புதியதும் சேர்த்து ஒரு ஜிபிபைட்.

ஒரு புள்ளிக்கு வேலை: மூன்று கூட்டல், ஒரு பெருக்கல். நான்கு கணிப்பு. ஒரு சுற்றுக்கு 26 கோடியே 84 இலட்சம் கணிப்பு. 204.8 ஜிகாஃப்ளொப்ஸில் இது 1.3 மில்லிசெக்கனில் முடிய வேண்டும்.

முடியாது. ஏனென்றால் அந்தப் புள்ளிகள் நினைவகத்தில் இருந்து வரவேண்டும். அயற்புள்ளிகள் செயலிக்குள் இருக்கும் சிறிய வேக நினைவகமான கேஷில் தங்கிவிடும் என்று வைத்தாலும், ஒவ்வொரு புள்ளிக்கும் 8 பைட் வாசிக்க, 8 பைட் எழுத, எழுதுவதற்கு முன் அந்த இடத்தைக் கேஷுக்கு எடுத்துவர இன்னொரு 8 பைட். மொத்தம் 24. ஒரு சுற்றுக்கு 1.61 ஜிகாபைட் நினைவகப் போக்குவரத்து. இந்தக் கணினியின் டிடிஆர்3-1600 நினைவகம் இரு வழியில் காகிதத்தில் 25.6 ஜிகாபைட்/செக்கன் தரும். கையில் 20 என்று வைப்போம். ஒரு சுற்றுக்கு 80 மில்லிசெக்கன். கிடைப்பது 3.3 ஜிகாஃப்ளொப்ஸ், உச்ச வேகத்தில் 1.6 வீதம்.

ஒரு கிணற்றில் நாலு மோட்டர் பூட்டினாலும் ஊற்று வேகம் கூடாது, நிலைமை அதேதான். ஒரு நிரலைப் பல கோர்களுக்குப் பகிரும் ஓபன்எம்பி போட்டு ஒரு கோரை நாலாக்கினால் நேரம் நாலில் ஒன்றாகும் என்று எதிர்பார்த்து, இரண்டாவது கோரோடு வேகம் நின்றுபோனதும் "கோட் பிழை" என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் மாணவர்கள் நிறைய. கோட் சரிதான். நினைவகம் நிரம்பிவிட்டது.

இப்போது செய்ய வேண்டியவை. முதலில் நினைவக வேகத்தை அளக்கும் ஸ்ட்ரீம் என்ற சிறிய நிரலை இறக்கி, ஜிசிசி தொகுப்பியில் ஓ3 உகப்பாக்கத் தெரிவோடு தொகுத்து, 1, 2, 3, 4 இழைகளில் (ஒரே நேரத்தில் ஓடும் நிரற் கிளைகளில்) ஓட்டுங்கள். அதன் அணி ஒவ்வொன்றும் கடைசி மட்டக் கேஷைப் போலக் குறைந்தது நாலு மடங்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது கேஷின் வேகத்தை. கிடைத்த எண்ணையும் உச்சக் கணிப்பு வேகத்தையும் ஒரே வரைபில் போட்டால் கூரை வடிவம் ஒன்று வரும். 2009இல் வில்லியம்ஸ், வோட்டர்மன், பட்டர்சன் மூவரும் முன்வைத்த ரூஃப்லைன் மாதிரி அது. உங்கள் நிரல் சாய்கூரைக்குக் கீழே (நினைவகம் தடை) நிற்கிறதா, தட்டைக் கூரைக்குக் கீழே (கணிப்பு வேகம் தடை) நிற்கிறதா என்று பார்த்துவிட்டால், எதைத் திருத்த வேண்டும் என்ற விவாதம் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும்.

ஸ்ட்ரீம் எண் எதிர்பார்த்ததில் பாதியாக இருந்தால் மென்பொருளைத் திட்டாமல் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆய்வுகூடக் கணினிகளில் 8 ஜிகாபைட் நினைவகத்தை ஒரே குச்சியாகப் போட்டு விற்பது வழமை. ஒரு குச்சி என்றால் ஒரு வழி, 12.8 ஜிகாபைட்/செக்கன்தான் உச்சம். அதே 8 ஜிகாபைட்டை இரண்டு 4ஆக, தாய்ப்பலகையின் சரியான சோடித் துளைகளில் போட்டால் இந்த வகை நிரல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும். பழைய டிடிஆர்3 குச்சிக்குப் போகும் காசு, கிளஸ்டரில் நீங்கள் செலவழிக்கும் எந்தக் காசையும்விடப் பெறுமதியானது. திறக்க வசதியில்லை என்றால் டிஎம்ஐடிகோட் கட்டளை எத்தனை குச்சி, எந்தத் துளை என்று சொல்லிவிடும்.

படி 3: வலையமைப்பைக் காகிதத்தில் ஓட்டிப் பாருங்கள்

அதே கட்டத்தை எட்டுக் கணினிகளுக்குக் கிடையாக வெட்டிக் கொடுக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் 1024 வரிசை. ஒவ்வொரு சுற்றிலும் மேல் அயலானுக்கு ஒரு வரிசை, கீழ் அயலானுக்கு ஒரு வரிசை கணினிகளுக்கிடையே செய்தி பரிமாறும் எம்பிஐ வழியாக அனுப்ப வேண்டும். ஒரு வரிசை 65,536 பைட். ஜிகாபிட் ஈதர்நெற் கையில் தருவது செக்கனுக்கு 117 மெகாபைட் அளவு. இரண்டு வரிசைக்கும் 1.1 மில்லிசெக்கன், தொடக்கத் தாமதமாகச் செய்திக்கு 50 மைக்ரோசெக்கன் அளவு. கணிப்புக்கு ஒரு கணினிக்கு 80 ÷ 8 = 10 மில்லிசெக்கன். ஆகவே செயற்றிறன் (மொத்த நேரத்தில் கணிப்புக்குப் போகும் பங்கு) 90 வீதத்தை ஒட்டி நிற்கும். நல்ல எண்.

32 கணினியாக்கினால்? கணிப்பு 2.5 மில்லிசெக்கனாகக் குறையும், தொடர்பு அதே 1.1 மேலேயே நிற்கும். செயற்றிறன் 70 வீதத்துக்குக் கீழே. இந்த இரண்டு வரிக் கணக்கை ஓட்டத்துக்கு முன் எழுதி வைத்து, ஓட்டத்துக்குப் பின் அளந்த எண்ணோடு ஒப்பிட்டால் அது ஆய்வுக் கட்டுரையின் ஒரு பகுதி. முன்கணிப்பும் அளவீடும் ஒத்துப்போகாத இடத்தில்தான் எழுத விடயம் இருக்கிறது.

இப்போது ஒரு கேபிளில் ஒரு சோடிக் கம்பி சரியாகக் கிரிம்ப் ஆகவில்லை என்று வையுங்கள். அந்த இணைப்பு சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். பிங் போகும், எஸ்எஸ்எச் போகும், ஒன்றும் தெரியாது. ஆனால் தொடர்பு 11 மில்லிசெக்கனாகும், கணிப்பைவிடக் கூட! மற்ற ஏழும் அந்த ஒன்றுக்காகக் காத்து நிற்கும், முழுக் கிளஸ்டரும் பாதி வேகத்துக்கு வரும். எனவே நிரலை ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு நோட்டிலும் (கிளஸ்டரின் ஒவ்வொரு கணினியிலும்) ஈத்டூல் கட்டளையால் இணைப்பு வேகத்தைப் பாருங்கள், பிறகு ஐபேர்ஃப்3ஆல் சோடி சோடியாக அளவுங்கள். செய்தித் தாமதத்துக்கு ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் எம்பிஐ நுண்ணளவீட்டுத் தொகுப்பு போதும்.

திருநெல்வேலியில் நாலு, கிளிநொச்சியில் நாலு வைத்து ஒன்றாகக் கோர்க்கலாமா என்றும் கேட்பார்கள். ஏ9 வழியே அறுபது கிலோமீற்றருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு 2 இலட்சம் கிலோமீற்றர் என்றால் நேர் இழையிலேயே ஒரு வழித் தாமதம் 0.3 மில்லிசெக்கன், பொதி கொழும்பைச் சுற்றி வந்தால் பல மடங்கு. அறைக்குள் இருப்பதோ 0.05. தனித்தனி ஓட்டங்களைப் பகிரலாம். ஒரே எம்பிஐ வேலையை இரண்டாக வெட்ட வேண்டாம்.

படி 4: கிளஸ்டரை எழுப்புதல்

இந்தப் பகுதிக்கு இணையத்தில் வழிகாட்டிகள் ஏராளம். எனவே நமக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன். நாலு கணினியோடு தொடங்குங்கள், எட்டோடு அல்ல. ஒன்றைத் தலைக் கணினியாக வையுங்கள்: அதில் பயனர் கோப்புறைகள், எம்பிஐ நூலகங்கள், வேலைகளைக் கணினிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் ஸ்லர்மின் கட்டுப்பாட்டாளர். மற்றவை அதன் கோப்புறையை வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் வழியாக ஏற்றிக்கொள்ளும். எல்லாக் கணினியிலும் பயனர் எண் ஒன்றாக, கடிகாரம் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்லர்ம் அடையாளத்தைச் சரிபார்க்கப் பாவிக்கும் மஞ்ச், கடிகாரம் சில நிமிடம் விலகினாலே கதவைச் சாத்திவிடும். கடிகாரங்களை ஒத்திசைக்கும் குரோனியைத் தலைக் கணினியில் ஓட்டி மற்றவற்றை அதைப் பார்க்க வையுங்கள். மென்பொருள்களை நிறுவ ஓபன்எச்பிசி தொகுப்பு அல்லது ஸ்பாக். நிறுவும் ஒவ்வொரு செயலையும் அன்சிபிள் (நிறுவலைத் தானாகச் செய்யும் கருவி) கோப்பாக எழுதுங்கள். கையால் தட்டச்சு செய்தது அடுத்த வருடம் எவருக்கும் ஞாபகம் இருக்காது.

தனிக் கணினி கிடைக்காத இடத்தில் இரவு முறை நன்றாக வேலை செய்யும். பகலில் ஆய்வுகூடம் மாணவர்களுக்கு. பின்னேரம் பூட்டிய பிறகு அதே கணினிகளை வலையமைப்பு வழியாக லினக்ஸுக்கு எழுப்பி, வன்தட்டைத் தொடாமல் ஓட்டி, விடிய முதல் நிறுத்துவது. விண்டோஸ் அப்படியே இருக்கும், ஆய்வுகூடப் பொறுப்பாளருக்கும் தலையிடி இல்லை. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் "ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்த வேண்டாம்" என்று மூன்று மொழியிலும் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் நல்லெண்ணத்தில் காவலாளி ஐயா சுவிட்சை அமத்திவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஜிபியு (வரைகலைச் செயலி) பற்றி ஒரு சொல். 12 ஜிகாபைட் ஆர்டிஎக்ஸ் 3060 விளையாட்டு அட்டையின் நினைவக வேகம் 360 ஜிகாபைட்/செக்கன். நம் எட்டுக் கணினியும் சேர்ந்து 160. எனவே மேலே சொன்ன கட்டக் கணக்கை அந்த ஒரே அட்டை முழுக் கிளஸ்டரையும்விட வேகமாக முடிக்கும். அதன் இரட்டைத் துல்லிய வேகம் ஒற்றைத் துல்லியத்தின் 64இல் ஒரு பங்குதான் என்றாலும், நினைவகத்தால் கட்டுண்ட இந்தக் கணக்குக்கு அதுவே போதும். கிளஸ்டரின் பலம் வேறு: நினைவகக் கொள்ளளவு 64 ஜிகாபைட், பகிர்வு நினைவகம் இல்லாத உலகில் நிரல் எழுதப் பழகும் வாய்ப்பு. ஒன்றைத்தான் வாங்கலாம் என்றால், துறை ஆய்வுக்கு அட்டை, கணிமை ஆய்வுக்குக் கிளஸ்டர் என்பேன்.

படி 5: கரண்டும் வெக்கையும்

ஒரு பெட்டி சுமையோடு 80 வாட் எடுத்தால் எட்டுக்கு 640 வாட். பன்னிரண்டு மணித்தியால இரவுக்கு 7.7 அலகு. சுவரில் செருகும் சிறிய மின்மானி ஒன்றை வாங்கி உண்மையான எண்ணை எழுதுங்கள். ஒரு வாட்டுக்கு எவ்வளவு கணிப்பு என்பதே இன்று தனி ஆய்வுப் பிரிவு, அதற்கான கருவி இந்த ஒரு மானிதான். மார்ச், ஏப்ரல் வெக்கையில் செயலி சூடேறித் தானே வேகத்தைக் குறைக்கும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் புழுதி விசிறியை அடைக்கும். காலையில் ஓட்டியதும் பின்னேரம் ஓட்டியதும் ஒத்துவராவிட்டால் முதலில் வெப்பநிலைப் பதிவைப் பாருங்கள்.

மின்தடை வரும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் முழு இலங்கையும் இருண்டது என்று அமைச்சரே சொன்னார். எட்டுக் கணினிக்கும் யுபிஎஸ் போடப் பணம் இராது, போடவும் தேவையில்லை. தலைக் கணினிக்கும் சுவிட்சுக்கும் மட்டும் போடுங்கள். மற்றவை சாகட்டும், நிரல் பிழைக்க வேண்டும்.

அதற்கு வழி இடைச்சேமிப்பு: ஓட்டத்தின் நிலையை இடையிடையே வட்டில் எழுதி வைத்து, தடைக்குப் பிறகு அங்கிருந்து தொடர்வது. எவ்வளவுக்கு ஒருதரம்? 1974இல் ஜோன் யங் கொடுத்த எளிய சூத்திரம் இன்றும் போதும்: சேமிக்க ஆகும் நேரத்தையும் இரண்டு தடைகளுக்கு இடைப்பட்ட சராசரி நேரத்தையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். நம் கட்டம் 512 மெபிபைட். ஜிகாபிட் வழியாகத் தலைக் கணினிக்கு எழுத 6 செக்கன் என்று வைப்போம். நாளுக்கு ஒரு தடை, 86,400 செக்கன். விடை 1,018 செக்கன், ஏறத்தாழ 17 நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் சேமிப்பவர் நேரத்தை வீணாக்குகிறார், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் சேமிப்பவர் சூதாடுகிறார்.

எழுதும் முறை முக்கியம். பழைய கோப்பின் மேலேயே எழுதினால், எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. தற்காலிகப் பெயரில் எழுதி, வட்டுக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்து, அதன் பிறகு பெயரை மாற்றுங்கள். கடைசி இரண்டு பிரதிகளை வைத்திருங்கள். பிறகு வேண்டுமென்றே செருகியைப் பிடுங்கி, மீண்டும் தொடங்கிய ஓட்டத்தின் விடையும் இடையறாத ஓட்டத்தின் விடையும் ஒன்றா என்று பாருங்கள். பிடுங்கிப் பார்க்காத இடைச்சேமிப்பை நம்பக் கூடாது.

படி 6: நேர்மையாக அளத்தல்

வேகப் பெருக்கத்தைச் சொல்லும்போது எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதுதான் எல்லாம். மெதுவான தொடர் (ஒரே கோரில் ஓடும்) நிரலோடு ஒப்பிட்டு "எட்டுக் கணினியில் எட்டு மடங்கு" என்று எழுதுவது மிகச் சுலபம். உகப்பாக்கத் தெரிவு எதுவும் போடாமல் தொகுத்தால் எந்த நிரலும் அழகாக அளவேறும், அதாவது கணினியைக் கூட்டக் கூட்ட வேகமும் கூடும். அடிப்படை எப்போதும் உங்களால் எழுத முடிந்த மிக வேகமான ஒற்றைக் கணினி நிரலாக இருக்கட்டும்.

வரைபு இரண்டு வேண்டும். கணக்கின் அளவை நிலையாக வைத்துக் கணினியைக் கூட்டுவது ஒன்று. 1967இல் அம்டால் காட்டிய எல்லை இங்கே வரும்: நிரலில் 5 வீதம் தொடராக (பிரித்துக் கொடுக்க முடியாததாக) இருந்தால் எட்டுக் கணினியில் 5.9 மடங்கு, எத்தனை ஆயிரம் போட்டாலும் 20ஐத் தாண்டாது. கணினியோடு கணக்கையும் வளர்ப்பது மற்றது. 1988இல் குஸ்டாஃப்சன் சொன்ன பார்வை அது. பரீட்சகர் இரண்டையும் கேட்பார்.

ஒவ்வொரு அளவீட்டையும் பல தடவை ஓட்டி, இடைப்பெறுமானத்தையும் பரவலையும் கொடுங்கள். டேர்போவை (செயலி தானே வேகத்தைக் கூட்டிக்கொள்வதை) நிறுத்துங்கள், இழைகளைக் கோர்களில் கட்டி வையுங்கள். தொகுப்பியின் பதிப்பு, தெரிவுகள், கேர்னல் பதிப்பு, கிற் (நிரலின் பதிப்புகளைப் பதிந்து வைக்கும் கருவி) அடையாளம் நாலும் ஒவ்வொரு வெளியீட்டுக் கோப்பின் தலையிலும் தானாகப் பதியட்டும். ஆறு மாதம் கழித்து "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று மேற்பார்வையாளர் கேட்கும்போது அந்த நாலு வரிதான் காப்பாற்றும்.

படி 7: பெரிய யந்திரத்தைக் கேட்டு வாங்குதல்

வெளிநாட்டு மையங்களில் ஓட்ட நேரம் கேட்கும் விண்ணப்பங்களில் வழக்கமாகக் கேட்பது ஒன்று: உங்கள் நிரல் எத்தனை கோர் வரை அளவேறுகிறது என்பதற்கு ஆதாரம். படி 6இல் வரைந்த வரைபுகள்தான் அந்த ஆதாரம். வெளியே இருக்கும் நம்மவர் ஆய்வாளர் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதும்போதும் "எங்களிடம் வசதியில்லை, உதவுங்கள்" என்று எழுதாதீர்கள். "எட்டுக் கணினியில் 90 வீதம் எதிர்பார்த்தோம், 84 வந்தது, காரணம் இது என்று நினைக்கிறோம், 256 கோரில் சோதிக்க விரும்புகிறோம்" என்று எழுதினால் பதில் வரும் வாய்ப்பு வேறு.

தரவை நகர்த்துவதையும் திட்டமிடுங்கள். இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாக, இரவில், ஆர்சிங்க் போல விட்ட இடத்தில் தொடரும் கருவியால் இறக்குங்கள். உலகம் முழுவதற்குமான தரவை இறக்காமல் தேவையான பரப்பை மட்டும் வெட்டி எடுக்கப் பெரும்பாலான தரவுக் களஞ்சியங்களில் வசதி உண்டு.

படி 8: ஒப்படைப்பு

பல்கலைக்கழகக் கிளஸ்டர்கள் வன்பொருள் பழுதாகி நின்றுபோவதைவிட, கட்டிய அணி பட்டம் பெற்றுப் போனதால் நின்றுபோவதே கூட. தலைக் கணினியின் கடவுச்சொல் பூட்டிய உறையில் துறைத் தலைவரிடம் இருக்கட்டும். அன்சிபிள் கோப்புகள் துறையின் களஞ்சியத்தில், தனியாள் கணக்கில் அல்ல. எந்தக் கேபிள் எந்தத் துளை, எந்தக் கணினிக்கு எந்தக் குச்சி என்பதைத் தமிழிலேயே எழுதி சுவரில் ஒட்டுங்கள்.

பிறகு மூன்றாம் ஆண்டுத் தம்பி தங்கச்சி ஒருவரைக் கூப்பிட்டு, அந்த ஆவணத்தை மட்டும் கையில் கொடுத்து, ஒரு நோட்டை முழுதாகத் துடைத்து மீண்டும் நிறுவச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. அவர் எங்கே நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ அங்கே ஒரு வரி விடுபட்டிருக்கிறது. அதை அவரையே எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். ஆய்வறிக்கை ஒப்படைக்கும் மாதத்துக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். கொழும்பில் வேலை கிடைத்துப் போன பிறகு, இரவுப் பஸ்ஸில் இருந்துகொண்டு தொலைபேசியில் ஸ்லர்ம் உள்ளமைவுக் கோப்பை வரி வரியாக வாசித்துக் காட்டுவது பெரிய கரைச்சல்.